எண்ணெய் போட்ட சக்கர்

என் கடையில் ஒரு காலி ஸ்டூல் இருக்கிறது. வருகிறவர்கள் அதில் உட்காரப் போவார்கள். உட்காராதீர்கள் என்று சொல்வேன். நின்றபடியே என்ன பழுது என்று சொல்லிவிட்டுப் போகட்டும். தென்காசியில் என்னைப் பற்றி இரண்டு விஷயம் சொல்வார்கள். வேலை தெரிந்தவன், வாய் சரியில்லாதவன். இரண்டும் உண்மை.

அந்த ஸ்டூல் என் கூட்டாளியுடையது. மூன்று வருடத்துக்கு முன்னால் அதிலிருந்து எழுந்து போனான். அவன் திரும்பி வந்து அதில் உட்கார வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அவனை எழுந்து போக வைத்தது நான்தான் என்பதால், கேட்கிற உரிமை எனக்கு இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

எங்கள் வேலை போர்டு பழுது பார்ப்பது. டிவி, இன்வெர்ட்டர், வாஷிங் மெஷின், ஆம்ப்ளிஃபயர், எது வந்தாலும் உள்ளே ஒரு போர்டு இருக்கும். அதில் கெட்டுப்போன சாமானைப் பிடுங்கி வேறு வைக்க வேண்டும். வைப்பது சுலபம். பிடுங்குவதுதான் வேலை. ஒவ்வொரு காலும் ஒரு ஓட்டைக்குள் நின்று ஈயத்தில் உறைந்திருக்கும். சூட்டுக்கோலால் ஈயத்தை உருக்கி, அது மறுபடி உறைவதற்குள் உறிஞ்சி எடுக்க வேண்டும். உறிஞ்சுகிற கருவிக்குப் பெயர் சக்கர். கட்டைவிரல் பருமனில் ஒரு குழாய், முனையில் வெள்ளை மூக்கு, உள்ளே ஸ்பிரிங். தண்டை அழுத்தினால் மாட்டிக்கொள்ளும். உருகிய ஈயத்தின் மேல் மூக்கை வைத்துப் பொத்தானைத் தட்டினால் தண்டு மேலே எகிறும், ஈயம் உள்ளே போய்விடும். டக் என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தை நான் இருபது வருடம் கேட்டேன்.

ஊரெல்லாம் இதை ஒற்றை ஆளாகத்தான் செய்கிறார்கள். வலது கையில் சூட்டுக்கோல், இடது கையில் சக்கர். நாங்கள் மட்டும் அப்படியில்லை. ஐடிஐயில் படிக்கும்போது ஒரு மேசைக்கு இரண்டு பேர், ஒரு சூட்டுக்கோல், ஒரு சக்கர். அவன் இடது கைக்காரன், எனக்கு இடது பக்கம் உட்கார்ந்தான். முதல் நாள் நான் கோலைப் பிடித்தேன், அவன் சக்கரைப் பிடித்தான். வாரத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். நாங்கள் மாற்றிக்கொள்ளவே இல்லை. நான்தான் கோலை விடவில்லை என்று இப்போது தோன்றுகிறது. பரீட்சையில் தனித்தனியாகச் செய்யச் சொன்னபோது இரண்டு பேரும் தட்டுத்தடுமாறித்தான் தேறினோம். பிறகு சேர்ந்தே கடை போட்டோம்.

ஈயம் பளபளவென்று உருகும் நொடியில் நான் "ம்" என்பேன். அவன் தட்டுவான். நாலைந்து வருடத்தில் "ம்" தேவைப்படவில்லை. அவன் ஈயத்தைப் பார்க்கவே மாட்டான், என் மணிக்கட்டைத்தான் பார்ப்பான். நாற்பது கால் உள்ள ஐசியை, டீ ஆறுவதற்குள் பூப்போல எடுத்து வைப்போம். ஏதாவது ஒரு கால் பிடிவாதம் பிடித்தால், அவன் சட்டைப்பையிலிருந்து மாட்டு ஊசியை எடுப்பான். கால்நடை ஆஸ்பத்திரி கம்பவுண்டரிடம் வாங்கிய தடித்த ஊசி. முனையைத் தட்டையாகத் தேய்த்து வைத்திருந்தான். அதைக் காலின் மேல் மாட்டி, நான் சூடு காட்டும்போது லேசாகத் திருகுவான். கால் விடுபட்டுவிடும். ஊசியைப் பையில் போடும்போது, "மாட்டுக்குப் போட்டது, உனக்கும் போடவா?" என்பான். ஒவ்வொரு தடவையும் இதையே சொல்வான். ஒவ்வொரு தடவையும் நான் கெட்ட வார்த்தை சொல்வேன்.

எண்ணெய் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சாரல் ஆரம்பித்துவிட்டால் நான் விடியற்காலையில் குற்றாலத்துக்குப் போய்க் குளித்துவிட்டுத்தான் கடை திறப்பேன். வெளியூர்க் கூட்டம் வருவதற்கு முன்னால் அருவியில் இடம் கிடைக்கும். மசாஜ்காரர்களிடம் போகிற வழக்கம் எனக்கு இல்லை. ஒரு சின்ன பாட்டிலில் மூலிகை எண்ணெய் வாங்கிப் பையிலேயே வைத்திருப்பேன், நானே தேய்த்துக்கொள்வேன். சாரல் காலத்தில் இங்கே எல்லாம் இறுகிப்போகும். ஷட்டர் இறுகும், பூட்டு இறுகும், முழங்கால் இறுகும். எல்லாவற்றுக்கும் அந்த எண்ணெய்தான். மூன்று வருடத்துக்கு முந்திய சாரலில் சக்கர் தண்டும் கிறீச்சிட்டு இறுகியது. மகளுக்குக் காதுகுத்து என்று அவன் இரண்டு நாள் வரவில்லை. நான் சக்கரின் பின்பக்கத்தைத் திருகித் திறந்து, உள்ளே நாலு சொட்டு விட்டேன். வழவழவென்று ஓடியது. திருப்தியாக மூடி வைத்துவிட்டு அதை மறந்தே போனேன்.

சக்கருக்குள் ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. அதுதான் காற்றைப் பிடிக்கும். தலைக்குத் தேய்க்கிற எண்ணெயை அதற்கு விடக்கூடாது. ரப்பர் உப்பும், ஈயத்தூள் எண்ணெயில் ஒட்டிப் பிசினாகும். இது எனக்குத் தெரியாதது இல்லை. தெரிந்தும், கைக்குக் கிடைத்ததை விட்டேன். வேறு ஊர்க்காரன் யாரும் குளிக்கிற எண்ணெயைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்கு வரமாட்டான்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு அண்ணாச்சி கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். கோயில் கொடைத் திருவிழாக்களில் வாசிக்கிறவர். ஆடி மாதம், அன்று சாயங்காலமே ஒரு கொடையில் கச்சேரி. ஒரு ஐசி போயிருந்தது, இருபத்தெட்டு கால். மாற்று என்னிடம் இருந்தது. அரை மணி நேரம் உட்காருங்கள் என்றேன்.

முதல் கால். நான் சூடு காட்டினேன், அவன் தட்டினான். டக் வரவில்லை. தண்டு மெதுவாக மேலே வந்தது, படுத்திருந்த மாடு எழுந்திருக்கிற மாதிரி. ஈயம் பாதி ஓட்டைக்குள்ளேயே நின்றது. இரண்டாவது காலும் அப்படியே. நான் சூட்டை அதிகமாக்கினேன், அதிக நேரம் வைத்தேன். அது தப்பு. பத்தாவது காலில் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"கை செத்துப் போச்சாலே? பெறந்ததுலேருந்து நீ செஞ்ச ஒரே வேல இதான். அதும் வரலையா?"

அவன் சக்கரின் மூக்கை ஒரு தரம் தன் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். அதன் முனையைத் துடைக்கப் போகிறான் என்று நினைத்தேன். அதற்குள் நான் ஸ்க்ரூடிரைவரை ஐசிக்கு அடியில் விட்டு நெம்பினேன். ஐசி வந்தது. கூடவே ஓட்டைக்குள் இருந்த செம்பும் பிய்ந்து வந்தது. நாலு இடத்தில். போர்டு அத்தோடு முடிந்தது.

அண்ணாச்சி எழுந்து நின்றார். நான் அவரைப் பார்த்து, "இவன் கெடுத்துட்டான் அண்ணாச்சி. எங்கையில ஒண்ணும் இல்ல" என்றேன்.

அவன் சக்கரை மேசையில் வைத்தான். கையைத் துடைத்தான். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு பைக்கை மிதித்துப் போனான். போனால் போகட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். அதோடு விட்டேனா? இல்லை. அடுத்த ஆறு மாதம் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் அந்தக் கதையைச் சொன்னேன். ஊரில் இதே வேலை செய்கிற மற்ற நாலு கடைக்காரர்களிடமும் சொன்னேன். அவன் தென்காசியில் வேலை கேட்டுப் போன இடமெல்லாம் அந்தக் கதை அவனுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. கடைசியில் சுரண்டையில் ஒரு கடையில் சேர்ந்தான், குடும்பத்தோடு அங்கேயே போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன்.

பழைய சக்கரை டிராயரில் எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினேன். என் இடது கைக்கு அது வசப்படவில்லை. நாற்பது வயதுக்கு மேல் ஒரு கைக்கு வேலை சொல்லிக்கொடுப்பது லேசில்லை. போர்டு நழுவும், விரல் சுடும். ஈயம் உருகும்போது என்னையறியாமல் "ம்" என்பேன். எதிரே நிற்கிறவர், "என்ன?" என்று கேட்பார். என்ன சொல்வது? தொண்டை சரியில்லை என்பேன். அப்புறம் கரண்டில் ஓடுகிற துப்பாக்கி மாதிரி ஒன்று வாங்கினேன். அதுவே சுடும், அதுவே உறிஞ்சும். ஆள் வேண்டாம். நன்றாகத்தான் வேலை செய்கிறது, அதுதான் எரிச்சல். அது கெட்டுப்போக வேண்டும் என்று நான் ஆசைப்பட்டிருக்கிறேன். என் மணிக்கட்டைப் பார்க்க யாரும் இல்லை. மாட்டு ஊசியைப் பற்றிய அந்த அறுதப்பழசான கிண்டலை இன்னொரு தரம் கேட்க வேண்டும் போல இருக்கும். வேலை நடுவில் ஸ்டூல் பக்கம் திரும்பிவிட்டு, உடனே திரும்பிக்கொள்வேன்.

இந்த வருடச் சாரலில் துப்பாக்கி கெட்டது. மதுரையிலிருந்து பாகம் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். புதிய சக்கரின் மூக்கு எப்போதோ உருகிவிட்டது. டிராயரைக் குடைந்து பழையதை எடுத்தேன். தண்டு அசையவே இல்லை. திருகித் திறந்தேன்.

வாசனை வந்தது. மூன்று வருடம் மூடிக் கிடந்தும் போகாத வாசனை. அன்று காலையில்தான் அதே எண்ணெயைத் தேய்த்துக் குளித்துவிட்டு வந்திருந்தேன். என் கையும் அப்படித்தான் மணத்தது. வளையம் உப்பி, கறுத்து, குழாயோடு ஒட்டிக் கிடந்தது.

இரண்டு நாள் எல்லார் மேலும் கோபப்பட்டேன். எண்ணெய் விற்றவன் மேல், ரப்பர் செய்தவன் மேல், ஒரு வார்த்தை சொல்லாமல் போன அவன் மேல். மூன்றாவது நாள் கடையைப் பூட்டிவிட்டுச் சக்கரைத் தாளில் சுற்றிக்கொண்டு சுரண்டைக்கு பஸ் ஏறினேன்.

அவன் வேலை பார்க்கிற கடையின் முதலாளி சாப்பிடப் போயிருந்தார். அவன் தனியாக இருந்தான். தலை பாதி நரைத்திருந்தது. நான் தாளைப் பிரித்து மேசையில் வைத்தேன். என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அதைத்தான் பார்த்தான்.

"எண்ண போட்டது நாந்தாம்லே," என்றேன். "நீ காதுகுத்துக்குப் போயிருந்தப்போ."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"வாசம் அன்னைக்கே வந்திச்சி. மோந்து பாத்தேன்லா."

"பெறவு ஏம்லே சொல்லல?"

"அண்ணாச்சி முன்னால சொன்னா உன் மூஞ்சி என்னத்துக்கு ஆவும்? நீயே தெறந்து பாத்துட்டு வருவன்னு இருந்தேன். நாலு நாள் ஆவும்னு நெனச்சேன்."

மன்னித்துக்கொள் என்று சொல்ல எனக்கு வராது. நின்றுகொண்டே இருந்தேன். அவன் சக்கரைக் கழற்றினான், உப்பிய வளையத்தைக் கத்தியால் வெட்டி எடுத்தான், குழாயைத் தின்னர் விட்டுக் கழுவினான், டப்பாவிலிருந்து வேறு வளையம் தேடிப் போட்டான், சிலிக்கான் கிரீஸ் ஒரு பொட்டுத் தடவினான். தண்டை அழுத்தித் தட்டினான். டக்.

மேசையில் ஒரு வாஷிங் மெஷின் போர்டு கிடந்தது. அதில் ஒரு ரிலேயை எடுக்க வேண்டியிருந்தது, ஐந்து கால்கள். அவன் கோலை என் பக்கம் தள்ளினான். சக்கரை அவன் எடுத்துக்கொண்டான். முதல் காலில் நான் முந்திவிட்டேன், அவன் பிந்திவிட்டான். இரண்டாவதும் சரியாக வரவில்லை. மூன்றாவதில் வந்தது. நான்கு, ஐந்து. ரிலேயைக் கவிழ்த்ததும் தானாக விழுந்தது. அந்த இரண்டு நிமிடத்துக்காக நான் சுரண்டைக்கு நடந்தே போயிருப்பேன்.

"கடைக்கு வாலே," என்றேன். "ஸ்டூல் அங்கனயேதான் கெடக்கு."

அவன் கோலை என் கையிலிருந்து வாங்கித் தாங்கியில் வைத்தான். "இங்க நாந்தான் கோலப் பிடிக்கேன். வலது கையில கோலு, இடது கையில சக்கரு. படிக்க ஒரு வருசம் ஆச்சி. அங்கன வந்தா மறுபடியும் சக்கரு மட்டுந்தான்."

கோலை நான் தரமாட்டேன் என்றா நினைக்கிறாய் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. இருபது வருடம் தரவில்லையே.

சக்கரை எடுத்துக்கொண்டு நான் புறப்படும்போது அவன் கேட்டது ஒன்றே ஒன்று. "அந்தக் கீபோர்டு அண்ணாச்சிகிட்ட சொல்லிட்டியா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசுதேவநல்லூருக்குப் போனேன். வீடு தேடிக் கண்டுபிடித்தேன். அவர் வேறு கீபோர்டு வாங்கிவிட்டிருந்தார். தப்பு என்னுடையது, அவன் மேல் பழி போட்டேன் என்று வாசலில் நின்றபடியே சொன்னேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார். இரண்டு பேரில் யார் யாரைத் திட்டினார்கள் என்பதே அவருக்கு நினைவில்லை. தென்காசியில் ஒரு கடையில் கெட்டுப்போனது என்பது மட்டும்தான் நினைவிருந்தது. "அதுக்காவா இவ்வளவு தூரம் வந்திய?" என்று கேட்டு டீ கொடுத்தார். நான் ஆறு மாதம் ஊரெல்லாம் சொன்ன கதை அவர் மனதில் ஒரு நாள்கூடத் தங்கவில்லை. தங்கியது அவனிடமும் என்னிடமும்தான்.

திரும்பி வந்து அந்த நாலு கடைகளிலும் ஏறிச் சொன்னேன். ஒருவர் சிரித்தார். ஒருவர், இப்போது சொல்லி என்ன என்றார். அதுவும் சரிதான். அவனுக்கு போன் செய்து சொன்னேன். சரி என்றான். வளையம் எப்படி இருக்கிறது என்று கேட்டான். நன்றாக இருக்கிறது என்றேன். எண்ணெய் விட்டுவிடாதே என்றான்.

துப்பாக்கிக்குப் பாகம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை. அவன் ஒரு வருடத்தில் படித்ததை நானும் படிக்கப் பார்க்கிறேன், அந்தப் பழைய சக்கரை இடது கையில் வைத்துக்கொண்டு. பத்துக்கு நாலு சரியாக வருகிறது. வருகிறபோது ஸ்டூல் பக்கம் பார்க்கிறேன்.

நேற்று குத்துக்கல்வலசை ஊர்க்காரர் ஒருவர் மிக்ஸி போர்டோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எழுப்பிவிட்டேன். அவருக்குக் கோபம் வந்தது. வரட்டும்.