தும்மினால் மலைக்கு

தேயிலைத் தூள் சலிக்கிற வேலைக்குக் கையும் காலும் இருந்தால் போதும் என்பார்கள். மூக்கைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்து ஸ்டோரில் வேலை செய்கிறேன். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். காய்ந்த தூளைச் சல்லடை மெஷின் பெரிது, சிறிது, பொடி என்று பிரித்துத் தள்ளும். நாங்கள் எட்டுப் பெண்கள் அள்ளுவோம், கொட்டுவோம், கூட்டுவோம். அறை முழுக்கப் பஞ்சு மாதிரித் தேயிலைத் தும்பு பறக்கும். அதை இழுத்து வெளியே தள்ள ஒரு பெரிய காற்றாடி உண்டு. நான் சேர்ந்த நாளிலிருந்து அது சுவருக்கு அழகாக இருந்தது, சுற்றித்தான் பார்த்ததில்லை.

முதல் மாதமே எனக்கு மூக்கு ஊற்ற ஆரம்பித்துவிட்டது. கண் எரிச்சல், தொண்டை அரிப்பு, அடுக்குத் தும்மல். பத்துத் தும்மல் வந்து முடிந்து, பதினொன்றாவது வருமா வராதா என்று வாயைத் திறந்தபடி நின்ற அனுபவம் உங்களுக்கு இருந்தால் நீங்கள் என் சொந்தக்காரர். மேலே வாசியுங்கள்.

வேலையை விட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். என் மகள் தர்ஷிகாவுக்குப் பத்து மாதம். வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகிற புள்ளக்காம்பரா, ஸ்டோருக்கு நேர் கீழே இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் இறங்கிப் பால் கொடுத்துவிட்டு வரலாம். கொழுந்து பறிக்கப் போனால் மேல்மலையிலிருந்து இறங்கி ஏறவே ஒரு மணித்தியாலம் ஆகும். பிள்ளை அழுது, ஓய்ந்து, என்னை மறந்தே போயிருக்கும். அதனால் மூக்கு என்ன சொன்னாலும் ஸ்டோரை விடுவதில்லை என்று முடிவெடுத்தேன். அந்த முடிவு பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன்.

இன்னொன்று போடு

வெள்ளிக்கிழமைகளில் மெஷினை ஓட விடுமுன் பிள்ளையார் படத்துக்குச் சூடம் காட்டுவது எங்கள் ஸ்டோர் வழக்கம். ஒரு வெள்ளிக்கிழமை, சூடம் பற்றிய அதே நிமிடம் எனக்கு ஒரு தும்மல் வந்தது. ஒன்றே ஒன்று. ஒற்றைத் தும்மல் விழுந்தால் காரியம் தொடங்கக் கூடாது, இரட்டை என்றால் நல்லது. மெஷின்காரர் சுவிட்சில் வைத்த கையை எடுத்துவிட்டார். "இன்னொன்னு போடும்மா, நேரம் போகுது" என்றார். அத்தனை பேரும் நின்று முகத்தைப் பார்த்தால் தும்மல் வருமா? என்னோடு வேலை செய்கிற ராசாத்தி அக்கா, சேலை நுனியைத் திரித்து மூக்கில் விடச் சொன்னார். விட்டேன். மூன்று வந்தது.

இப்போது மொத்தம் நான்கு என்று எடுப்பதா, ஒன்றும் மூன்றும் என்று எடுப்பதா என்று ஒரு விவாதம் தொடங்கியது. அந்த நேரம் பார்த்து டீமேக்கர் வந்தார். ஸ்டோர் முழுக்க அவர் பொறுப்பு. மெஷின் நிற்பதைப் பார்த்தார், சேலை நுனியோடு நிற்கிற என்னைப் பார்த்தார். "இங்க பாரு கவிதா, நீ மருந்து குடிப்பியோ மந்திரிப்பியோ எனக்குத் தெரியாது. தும்மல் நிக்கலன்னா கொழுந்து பறிக்க மலைக்குப் போ!"

மஞ்சள் குளிசை

தோட்டத்து டிஸ்பென்சரியில் டாக்டரய்யா என் மூக்கை டோர்ச் அடித்துப் பார்த்து, அலர்ஜி என்றார். சின்னச் சின்ன மஞ்சள் குளிசைகளைக் கடதாசியில் சுருட்டிக் கொடுத்தார். சும்மா கிடைத்தது. சந்தோஷமாக வாங்கிவந்து, காலையில் ஒன்றைப் பால் போடாத சாயத்தண்ணியோடு விழுங்கிவிட்டு வேலைக்குப் போனேன். தும்மல் நின்றது. கூடவே நானும் நின்றுவிட்டேன். கண் திறந்திருக்கிறது, கை அள்ளுகிறது, ஆள் அங்கே இல்லை. பொடித் தூளைக் கொண்டுபோய்ப் பெரிய தூள் பெட்டியில் கொட்டியிருக்கிறேன். இரண்டையும் மறுபடி சலிக்க வேண்டியதாகிவிட்டது.

அது பரவாயில்லை. மத்தியானம் தூள் மூட்டையில் சாய்ந்தவள், ஓடுகிற மெஷின் பெல்ட்டுப் பக்கம் சரிந்திருக்கிறேன். ராசாத்தி அக்கா கொண்டையைப் பிடித்து இழுத்த இழுப்பில்தான் முழிப்பு வந்தது. கொண்டையை விடாமலே சத்தம் போட்டார். "தூங்குறதுன்னா வீட்ல போய்த் தூங்குடி. தூளுக்குள்ள விழுந்த, உன்னையும் சேத்துத் தச்சு கொழும்புக்கு ஏத்திருவானுங்க!"

நல்ல பிள்ளை

அதற்குப் பிறகு பகலில் வேண்டாம், இரவில் மட்டும் போடுவோம் என்று மாற்றிப் பார்த்தேன். இரண்டாம் நாள் பாலுக்கு இறங்கினால் தர்ஷிகா தொட்டிலில் அசையவே இல்லை. என் சத்தம் கேட்டால் கூரையைத் தூக்குகிற பிள்ளை. எழுப்பினேன், ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடி தூங்கினாள். அள்ளிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினேன். டாக்டரய்யா பிள்ளையைச் சோதித்துவிட்டு, பயமில்லை என்றார். தாய் போடுகிற குளிசை பாலிலும் கொஞ்சம் சேருமாம். பால் கொடுப்பதை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. தூக்கம் குறைவான வெள்ளைக் குளிசை ஒன்று இருக்கிறதாம், பால் கொடுக்கிறவர்களுக்கும் அதுதான் நல்லதாம். ஆனால் டிஸ்பென்சரிக்கு அது வருவதில்லை, வெளியேதான் வாங்க வேண்டும்.

மஞ்சள் குளிசைக்கு அன்றைக்கே முழுக்குப் போட்டேன். பிள்ளையைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டபோது, புள்ளக்காம்பராவைப் பார்க்கிற மேரி அக்காவுக்கு மட்டும் மனம் குளிர்ந்திருந்தது. "இன்னைக்குப் புள்ள அவ்ளோ நல்ல புள்ளயா இருந்துச்சு கவிதா. என்னத்தக் குடுத்தியோ, நாளைக்கும் குடு!"

பூ வாங்குகிற மாதிரி

டவுன் பாமசியில் வெள்ளைக் குளிசை கேட்டேன். பத்துக் குளிசை உள்ள ஒரு கார்ட்டின் விலையைச் சொன்னார்கள். பிள்ளைக்கு வாங்குகிற பால்மா பைக்கற்றும் என்னோடு சேர்ந்து அதிர்ந்திருக்கும். அதற்காகத் திரும்பி வந்துவிடுகிற ஆளா நான்? "மூணு வெட்டிக் குடுங்க முதலாளி" என்றேன். முதலாளி நல்ல மனிதர், சிங்களவர், தமிழ் கொஞ்சம் பேசுவார். கத்தரிக்கோலை எடுத்தார். நான் கார்ட்டைத் திருப்பி முடிகிற திகதியைப் பார்த்து, திகதி இருக்கிற பக்கமாக வெட்டச் சொன்னேன். பிறகு யோசித்து, மூன்றை நாலாக்கச் சொன்னேன். பிறகு பஸ் காசை நினைத்து, மறுபடி மூன்றாக்கச் சொன்னேன்.

எனக்குப் பின்னால் வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. அதிலிருந்து ஒரு பெரியவர் எட்டிப் பார்த்து, "என்ன தங்கச்சி, பூக்காரிகிட்ட மொழம் போடுற மாதிரி போடுறீங்க?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு இடத்தை விட்டு நகராமல் நின்றேன். என் முறை முடிந்து அவர் முறை வந்தது. முதலாளி அவரைப் பார்த்ததும், அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "எனக்கும் அந்த வெள்ளதான். ரெண்டு வெட்டுங்க."

கவ்வாத்துக் கத்தி

மூன்றை ஆறாக்கினால் ஒரு கிழமையின் ஆறு வேலை நாளும் ஓடும். பாதி போட்டுப் பார்க்கலாமா என்று டாக்டரய்யாவிடம் கேட்டேன். பாருங்கள், குறையாவிட்டால் முழுசாகப் போடுங்கள் என்றார். எங்கள் வீட்டுக்காரர் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டுகிறவர், தேயிலை மரத்தை ஒரே வீச்சில் சரிவாக அரிகிற கை. "இதென்ன பெரிய வேல, குடு" என்று கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்தார். குளிசையைப் பலகையில் வைத்தார். ஒரு கண்ணை மூடினார். வெட்டினார்.

ஒரு பாதி அடுப்புக்குள் போனது. மற்றப் பாதி எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது. பலகையில் நல்ல ஆழமான வெட்டு ஒன்று மட்டும் மிச்சம். ரெண்டு நாள் மூக்கு போச்சே என்று நான் கத்தக் கத்த, அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "தேயில மரம்னா எந்தக் கணுவுக்கு மேல வெட்டணும்னு எனக்குத் தெரியும். இதுல கணு எங்க இருக்கு, நீயே காட்டு!"

மாஸ்க் யாருக்கு

ஸ்டோரைப் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வருகிற நாளில் எங்களுக்கு மாஸ்க் கொடுப்பார்கள். வெள்ளை மாஸ்க், பச்சை ஏப்ரன். அவர்கள் போட்டோ பிடித்துக்கொண்டு போனதும் கணக்கு எழுதுகிற ஸ்டோர் கிளாக்கர் ஒரு பெட்டியோடு வந்து எல்லாவற்றையும் திருப்பி வாங்கிப் பூட்டிவிடுவார். ஒரு தடவை நான் மாஸ்க்கைக் கழற்றவில்லை. அன்றைக்கு வெள்ளைக் குளிசை போடாமலே தும்மல் பாதியாகக் குறைந்திருந்தது. அப்புறம் எதற்குக் கழற்றுவது?

"நாளைக்கு யாரும் வரலியே, உனக்கு எதுக்கு?" என்றார் கிளாக்கர். "நான் வர்றேனே ஐயா" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரிக்கவும் கிளாக்கருக்கு முகம் சிவந்துவிட்டது. பெட்டியை மூடி, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "நல்லா இருக்கு வாய். மலைக்கு ஆள் கேக்கிறாங்க, உன் பேரத்தான் மொதல்ல எழுதுறேன்."

எட்டு முடிச்சு

எழுதியும் விட்டார். அந்த ஒரு மாஸ்க் எத்தனை நாளைக்குத் தாங்கும்? கிழிந்துபோனது. சம்பளத்துக்கு நாலு நாள் இருக்கும்போது குளிசையும் தீர்ந்துபோனது. வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் போட்ட தும்மலில் சல்லடை மெஷின் சத்தமே தோற்றுவிட்டது. டீமேக்கர் எங்கள் அறைக்கே வந்தார். "திங்கக்கெழமையிலருந்து பெரட்டுக்குப் போய் கொழுந்துக்கு நில்லு" என்றார். காலையில் பெயர் கூப்பிட்டு மலைக்கு ஆள் பிரிக்கிற இடம்தான் பெரட்டு.

தர்ஷிகா பால் குடிக்கிற நேரம். போட்டிருந்த சட்டை நெஞ்சில் நனைந்துவிட்டது. அந்த ஈரம் பட்டதும் எனக்குப் பயம் போய்விட்டது. "போக மாட்டேன் ஐயா. நான் ஒருத்தியா தும்முறேன்?" என்று கேட்டுவிட்டேன். சத்தியமாக, எனக்கு வேறு யாரைப் பற்றியும் தெரியாது. வாய் முந்திவிட்டது.

பிறகு ராசாத்தி அக்கா இடுப்பு முடிச்சை அவிழ்த்து, கடதாசிச் சுருள் ஒன்றை எடுத்து டீமேக்கருக்கு முன்னால் கிடந்த மேசையில் வைத்தார். உள்ளே மஞ்சள் குளிசை. என் கொண்டையைப் பிடித்து இழுத்தவரும் அதைத்தான் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்! அடுத்தவர் வெள்ளை, அரைக் கார்ட். அடுத்தவர் ஒரு சிரப் போத்தல். இப்படி ஏழு பேரும் வைத்தார்கள். மலைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல், தும்மலை விழுங்கிக்கொண்டு இத்தனை நாள் ஒரே அறையில் நின்றிருக்கிறோம். நான் எட்டாவதாக என் காலிக் கார்ட்டை வைத்தேன்.

"மெஷினுக்கு எண்ணெய் தோட்டம் போடுது. அந்த மெஷினோட நிக்கிறதுக்கு நாங்க போடுறது மட்டும் எங்க காசா? டிஸ்பென்சரில வெள்ளக் குளிசை வேணும். எல்லா நாளும் மாஸ்க் வேணும். அந்தக் காத்தாடி சுத்தணும். இல்லாட்டி எட்டுப் பேரயும் மலைக்கு அனுப்புங்க, திங்கக்கெழம தூள நீங்களே சலிங்க" என்றேன்.

டீமேக்கர், கையோடு கொண்டுவந்திருந்த கிளாக்கரின் தாளை நாலாக மடித்துப் பையில் போட்டார். "பெரிய தொரைகிட்டப் பேசுறேன். திங்கக்கெழம எல்லாரும் இங்கேயே வாங்க" என்றார். வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். கைலேஞ்சியை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, மேசையில் கிடந்தவற்றைக் கிளறினார். "இதுல தூக்கம் வராதது எதும்மா?"

இப்போது காற்றாடி சுற்றுகிறது, மாஸ்க் பெட்டி பூட்டாமல் கிடக்கிறது, டிஸ்பென்சரியில் ஆளுக்குக் கிழமைக்கு இரண்டு வெள்ளைக் குளிசை தருகிறார்கள், மிச்ச நாட்களுக்கு நாங்கள் எட்டுப் பேரும் தோட்டத்துக்கே கேட்கிற மாதிரி வாய்விட்டுத் தும்மிக்கொண்டிருக்கிறோம்.