மாடியிலிருந்து வண்டிக்குப் போன டிஷ்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடிச் சுவரில் நான்கு ஓட்டைகள் ரொம்ப நாள் அப்படியே கிடந்தன. டிவி டிஷ்ஷைப் பிடித்திருந்த போல்ட்டுகளைக் கழற்றிய இடம். தளம் பூச வந்த கொத்தனார் அதையும் அடைத்துவிடுகிறேன் என்றார். நான் விடவில்லை. துணி காயப்போடப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்து எனக்கு வயிறு எரிய வேண்டும். அந்த டிஷ் ஒன்றும் திருட்டுப் போகவில்லை. என் வீட்டுக்காரரே கழற்றிக்கொண்டுபோய், தான் ஓட்டும் போர்வெல் வண்டியில் மாட்டிக்கொண்டார்.

போர்வெல் வண்டி வடக்கே கிளம்பினால், அங்கே மழை பிடித்த பிறகுதான் வீடு திரும்பும். "இந்த ஒரு நடைதாம்மா. அப்புறம் திருவெறும்பூர்ல ஏதாவது கம்பெனி வேன் ஓட்டிக்கிட்டு வீட்டோட இருந்துடறேன்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். நானும் ஒவ்வொரு முறையும் நம்புவேன். போகிற ஊரில் தமிழ்ச் சேனல் பார்க்க வேண்டுமென்று டிஷ்ஷை வண்டியில் ஏற்றினாரே, அன்றோடு அந்த நம்பிக்கை போய்விட்டது. திரும்பி வர நினைக்கிற மனுஷன் வீட்டைக் கழற்றி வண்டியில் மாட்டுவாரா?

வாசலில் வண்டியை நிறுத்தி, கேபினுக்குப் பின்னால் கனமான இரும்புக் குழாய் ஒன்றை வெல்டிங் வைத்து, அதன் உச்சியில் டிஷ்ஷைப் பொருத்தினார். வண்டி ஓடும்போது மடக்கிக் கட்டிவிடலாம், நின்ற இடத்தில் நிமிர்த்திக்கொள்ளலாம். அவர் மேலே ஏறித் திருப்ப, நான் கேபினுக்குள் டிவி முன்னால் உட்கார்ந்து, "வரல, வரல... ஆங், வந்துருச்சு!" என்று கத்தினேன். காற்றடித்து டிஷ் திரும்பிக்கொள்ளும்போதெல்லாம் வீட்டிலும் அதுதான் என் வேலை. படம் வந்த சாய்வு மறக்காமலிருக்க, டிஷ்ஷின் பின்னால் இருக்கும் பிடியில் என் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்துவிட்டேன். நான் இல்லாத ஊரிலும் என் கோட்டைப் பார்த்துத்தானே திருப்புவார் என்று ஓர் அற்ப சந்தோஷம்.

அதுவும் நிலைக்கவில்லை. ராய்ப்பூர் பக்கம் போனதும் போன் செய்தார். "உன் கோடு இங்க செல்லாதும்மா. வடக்க வர வர டிஷ் இன்னும் குனியணுமாம். மாப்ளதான் கண்டுபுடிச்சு வேற கோடு போட்டான்." மாப்ள என்பது அந்த வண்டியில் துளை போடும் முசிறிக்காரர். எங்களுக்குச் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. அதன் பிறகு எந்த நாள் பேசினாலும் நடுவில் போனிலேயே கேட்கும், "மாப்ள, வந்துருச்சா?" உடனே பதில் வரும், "வந்துருச்சு மாமா, நிப்பாட்டுங்க!" அடுத்து என்னிடம், "சரி வெச்சிடறேன்மா." மற்ற பெண்களுக்கு வாய்க்கிற சக்களத்திக்குத் தலைநிறையப் பூ இருக்கும். எனக்கு வாய்த்தவருக்கு மீசை இருந்தது. அந்த மாப்ள காய்ச்சலில் படுத்திருக்கிறார் என்று கேட்டபோது இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினேன். பாவம்தான், ஆனாலும் தூங்கினேன்.

போன மழைக்கு முதலாளி வண்டியை விற்றுவிட்டார். மாப்ள வேறொரு வண்டியில் சேர்ந்துகொண்டு இவரையும் வரச்சொல்லிக் கூப்பிட்டபடி இருந்தார். இவர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. கழற்றிக்கொண்டுவந்த டிஷ் மாடிப்படியடியில் கிடந்தது. அது எந்தப் பக்கம் போகப்போகிறதோ என்று நானும் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்றுச் சாயங்காலம் அவராகவே அதைத் தூக்கிக்கொண்டு மாடியேறினார். அந்த நான்கு ஓட்டைகளிலேயே போல்ட்டுகளை முடுக்கும் சத்தம் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு ஓடிப்போய் டிவி முன்னால் உட்கார்ந்தேன்.

மேலிருந்து குரல் வந்தது. "மாப்ள, வந்துருச்சா?"

படம் பளிச்சென்று வந்திருந்தது. "இன்னும் வரல" என்றேன்.

அவர் திருப்பினார். இருந்த படமும் போனது. "இப்ப?"

"வரல."

போல்ட்டைத் தளர்த்தி மறுபடி முடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு மாடிப்படி வரை இறங்கி வந்து சொன்னார், "ஏம்மா, உன் சிவப்புக் கோட்டுலயே கொண்டாந்து வெச்சிருக்கேன். நல்லாப் பாத்துச் சொல்லு."

"வந்துருச்சுங்க" என்றேன். "நிப்பாட்டுங்க."