பிளாட்பாரத்தில் நான் இல்லை

என் வீட்டுக்காரரை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பல்செட்டுக்காரர் என்றால்தான் தெரியும். பல் டாக்டர் அல்ல. டாக்டர்களுக்குப் பொய்ப்பல் செய்துகொடுக்கிறவர். ஊரில் பாதிப் பேர் இவர் புண்ணியத்தில்தான் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். ஆனால் இவர் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசுவது அபூர்வம். ஊரார் வாய்க்குள்ளேயே கவனம் போய், தனக்கும் ஒன்று இருப்பதை மறந்துவிட்டார் போலிருக்கிறது. அவருக்கும் சேர்த்து நானே பேசிவிடுகிறேன்.

வேலையை நிறுத்தியதும் நாள் முழுக்க என் காலைச் சுற்றிக்கொண்டு கிடப்பாரோ என்று பயந்தேன். நல்லவேளை, ஊர் அருங்காட்சியகத்துப் பொம்மை ரயில் வந்து என்னைக் காப்பாற்றியது.

அங்கே பெரிய கூடத்தில், மேஜை மேஜையாகச் சேர்த்துப் போட்டு, எங்கள் ஊர் ஸ்டேஷனையே சின்னதாகச் செய்திருந்தார்கள். தண்டவாளம், சிக்னல், மேம்பாலம், தண்ணீர்த் தொட்டி என்று ஒன்று பாக்கி இல்லை. ஆள் மட்டும்தான் இல்லை. நகம் உயரத்துக்கு மனிதர்கள் வேண்டுமே என்று காப்பாளர் அலுத்துக்கொள்ள, இவர் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

அன்றிலிருந்து சாப்பாட்டு மேஜை எனக்குச் சொந்தமில்லை. பல்செட்டில் ஈறு செய்வதற்கு ஒரு ரோஸ் நிறப் பொடி இருக்கிறது. அதைக் குழைத்து, இறுகியதும் பல் ராவுகிற மெஷினால் ராவி ராவி ஆளாக்குவார். அதற்கப்புறம் வர்ணம். யாரோ எவரோ இல்லை, எல்லாம் எங்கள் ஊர்க்காரர்கள்தான். முடிவெட்டுகிறவர், தபால்காரர், மருந்துக்கடைக்காரர், எங்கள் தெரு நாய். பழக்கதோஷம், அத்தனை பேருக்கும் பல்வரிசை வைத்துவிட்டார். நாய்க்கும்கூட. சிடுமூஞ்சி ஸ்டேஷன் மாஸ்டர் பூதக்கண்ணாடி வழியாகத் தன்னைப் பார்த்துவிட்டு, "நான் எப்பங்க இப்படி இளிச்சேன்?" என்று சண்டைக்கு வந்தார்.

"இனிமே சிரிங்க," என்றார் இவர்.

திறப்பு நாளில் ஊரே அங்கே இருந்தது. ரயிலைப் பார்த்தவர்கள் கொஞ்சம்தான். எல்லோரும் தங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் மாடி வீட்டுக்காரி, அதுதான், என் தலையிலேயே ஈரத்துணியைச் சொட்டவிடுகிறவள், அவளுக்குக்கூட இடம் இருந்தது. குடையும் கையுமாக டிக்கெட் ஜன்னல் பக்கத்தில் நின்றாள். அந்தப் பெருமையோடு என்னிடம் திரும்பி, "அக்கா, நீங்க எங்க நிக்கறீங்க?" என்றாள்.

தேடினேன். மேம்பாலத்தில் இல்லை. படியில் இல்லை. ரயில் சுற்றி வரும்போதெல்லாம் ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்தேன், பெட்டிகள் காலி. பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பார்த்தால் என் வீட்டுக்காரர்! தன்னைச் செய்துகொள்ள நேரம் இருந்திருக்கிறது.

"எங்கேயோ இருப்பேன், கூட்டமா இருக்கே," என்று அவளிடம் சமாளித்தேன். வழக்கமாக வருகிற கோபம்கூட வரவில்லை. இத்தனை வருஷம் கூடவே இருந்தவளை இந்த மனுஷன் ஆள் கணக்கிலேயே சேர்க்கவில்லையா? அதை நினைக்க நினைக்க அழுகைதான் வந்தது.

வழி முழுக்க நான் பேசவில்லை. இவர் மிரண்டுபோய்விட்டார். வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றும்போது, "உடம்பு சரியில்லையா?" என்றார்.

"தெரு நாய்க்கு இடம் இருக்கு. நான் எங்கங்க?"

கல்லைக் கடித்தவர் மாதிரி முகம் சுருங்கியது. "உன்னைத்தான் முதல்ல செஞ்சேன்."

"செஞ்சு?"

"நீ பெருக்கிட்ட."

"எதை?"

"உன்னைத்தான்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே தட்டுத்தடுமாறிச் சொன்னார். "மத்தவங்களை எல்லாம் டப்பாவுல போட்டு மூடி வெச்சேன். உன்னை மட்டும் வெளிச்சத்துல பார்க்கணும்னு ஜன்னல்ல வெச்சேன். வர்ணம் அடிக்கலை. நீ துணியால துடைச்சு, முறத்துல அள்ளிட்டு போயிட்ட."

ஐயோ! ஜன்னலோரம் கிடந்த அந்த ரோஸ் துணுக்கு! உடைந்த ஈறு என்றல்லவா நினைத்தேன். என்னை நானே குப்பையில் கொட்டியிருக்கிறேன்.

"சரி, மறுபடி செய்ய வேண்டியதுதானே?"

"செஞ்சேன். அதையும் பெருக்கிட்ட."

"சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன? வாய்க்குப் பூட்டா போட்டிருக்கு?"

"நீ பாவம், இடுப்பு வலியோட பெருக்கிட்டு இருந்த. உன்கிட்ட வந்து, உன்னையே குப்பையில போட்டுட்டன்னு எப்படிச் சொல்றது?"

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தப்பித்தோம் என்று அவரும் சிரித்தார். ஆனால் அத்தனை லேசில் விட்டுவிடுவேனா?

"இப்பவே செய்யுங்க. நான் பார்க்கணும்."

முகம் கழுவினேன். தலை வாரி, நல்ல தோடாக எடுத்துப் போட்டுக்கொண்டேன். அவருக்கு நேர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். அவர் விளக்கைப் போட்டுப் பொடியைக் குழைத்தார். மெஷின் ரீங்கரிக்க ஆரம்பித்தது. குனிந்த தலை குனிந்தபடியே இருந்தது. கழுத்து, தோள், இடுப்பு என்று ராவிக்கொண்டே போனார். எனக்குக் கழுத்து வலித்தது. மனுஷன் நிமிரவே இல்லை. எத்தனை நேரம்தான் பொறுப்பது?

"ஏங்க, நான் ஒருத்தி சிங்காரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். ஒரு தடவையாவது என்னைப் பார்த்துட்டுச் செய்யுங்களேன்."

அவர் மெஷினை நிறுத்தினார். விரல் நுனியில் இருந்த தூளை ஊதினார். அப்போதும் நிமிரவில்லை.

"பார்த்துட்டுச் செய்யறதெல்லாம் வெளியாளுக்கு," என்றார்.

மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. முடியும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.