காதில் பஞ்சோடு ஒரு கச்சேரி

எங்கேயாவது அத்தர் வாசனை அடித்தால் என் வலது கட்டைவிரல் தானாகத் துடிக்கும். டாக்டரிடம் சொன்னால் நரம்புக் கோளாறு என்பார் என்று சொல்லாமல் இருக்கிறேன். காரணம், எங்கள் மாஸ்டர் காதுமடலில் எப்போதும் செருகியிருந்த அத்தர்ப் பஞ்சு.

தொண்ணூறுகளின் நடுவில் திருநெல்வேலி டவுணில் மாஸ்டர் ஒரு மெல்லிசைக் குழு நடத்தினார். அவர் கீபோர்டு. நான் கிலுகிலுவென்று டாம்பரின் தட்டுவேன். நான் வராத கச்சேரிகளில் என்னை யாரும் தேடியதாகத் தகவல் இல்லை. பகலில் ஜவுளிக்கடையில் துணி கிழிப்பேன், மிச்ச நேரமெல்லாம் டிவியில் மாட்டி ஆடும் வீடியோ கேம். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட, அந்த வீட்டு டிவியில் கேமை மாட்ட இடம் இருக்கிறதா என்று பார்த்தவன் நான்.

ஒரு பொங்கலுக்குச் சீவலப்பேரியில் மாலைக் கச்சேரி. காலையில் சேதி வந்தது: எங்கள் பாடகர் அம்பாசமுத்திரத்துக் குழுவில் சேர்ந்துவிட்டார், பாடகியையும் கூட்டிக்கொண்டு. விழாக் கமிட்டித் தலைவர் மாஸ்டரைப் பார்த்துச் சொன்னார்: "பாட்டு இல்லாம என்னத்த கச்சேரி வே? கூட்டம் எந்திரிச்சுப் போச்சுன்னா அடுத்த வருசம் அம்பாசமுத்திரத்துக்காரங்களைத்தான் கூப்பிடுவோம்." அந்த ஊர் கைவிட்டால் மற்ற ஊர்களும் கைவிடும். குழு கலைந்துவிடும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "ஏலே, உன் கேமுல ஒருத்தன் ஓடுவாம்லா, அவன்தான் இன்னைக்கு நமக்குப் பாடகரு."

எங்கள் குழுவில் பாடகர் எங்கே போனாலும் பின்னாலேயே போவதுதான் வழக்கம். அவர் ஒரு அடியை விழுங்கினால் நாங்களும் விழுங்குவோம். மூச்சு வாங்கினால் காத்திருப்போம். கேம் ஆளுக்கும் அதே மரியாதை. அவன் ஓடினால் டிரம்ஸ் ஓட வேண்டும், தாவினால் கீபோர்டு மேலே ஏற வேண்டும், பூதம் வந்தால் பேஸ் கிட்டார் உறும வேண்டும். கேபிள்காரர் மூன்று கலர் டிவிகளை மேடையில் வரிசையாக வைத்து வயர் கொடுத்தார். நடுவில் நான், கையில் ஜாய்ஸ்டிக். என் ஆளுக்கு மூன்று உயிர். கடைசிப் பூதத்தைக் கொல்ல வேண்டும்.

முதல் பள்ளத்திலேயே விழுந்தேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மாஸ்டர் மைக்கில் நிதானமாகச் சொன்னார்: "பாடகரு தண்ணி குடிக்கப் போயிருக்காரு. இப்ப வந்திருவாரு." கூட்டமே சிரித்து உட்கார்ந்தது. இரண்டாவது உயிரும் அதே பள்ளத்தில் போனது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சிலர் துண்டை உதறினார்கள்.

மாஸ்டர் என்னிடம் குனிந்தார். "டிரம்ஸக் கேட்டுக் குதிக்கியாலே?"

உண்மைதான். வருஷக்கணக்காக டாம்பரின் தட்டிய கை, தாளம் வந்து விழுந்த இடத்தில் பட்டனை அமுக்கிவிட்டது. பள்ளம் இன்னும் ஒரு முழம் தள்ளி இருந்தது.

"நீ எங்களக் கேட்டுப் போற, நாங்க உன்னப் பாத்து வாறோம். அப்ப யாருலே முன்னால போறது?" என்றவர், காதுமடலிலிருந்த பஞ்சை எடுத்து இரண்டாகப் பிய்த்து என் காதுகளில் அடைத்தார். "பையப் போ. நாங்க வருவோம்."

அதன்பின் என் நெஞ்சு அடிப்பது மட்டும்தான் கேட்டது. டிவிக் கண்ணாடியில் மாஸ்டர் நிழலாகத் தெரிந்தார், கழுத்தை நீட்டி என் ஆளையே பார்த்தபடி. டிரம்ஸ்காரர் குச்சியைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். கிலுகிலுவென்று தட்டிக்கொண்டு ஓரத்தில் நின்றவனின் கட்டைவிரலுக்காக ஒரு குழுவே மூச்சைப் பிடித்திருந்தது. பள்ளங்களைத் தாண்டினேன். பூதம் விழுந்தது. நிமிர்ந்து திரும்பினால், கூட்டம் எழுந்து நின்றது.

போச்சு, கிளம்பிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் மேலே சுழலும் துண்டுகளைப் பார்த்தேன். கமிட்டித் தலைவர் வாயைப் பெரிதாகத் திறந்து ஏதோ கத்தினார். "ஒன்ஸ்மோர்" என்று உதடுகள் சொல்லின.

பஞ்சை எடுத்துவிட்டு, "எப்படி இருந்துச்சு மாஸ்டர்?" என்றேன்.

"நல்லாப் பாடுனலே" என்றார்.

போன வாரம் மகள் தன் செல்போனைக் கொண்டுவந்தாள். வெளிநாட்டு அரங்கம், பெரிய திரையில் ஒருவன் கேம் ஆடுகிறான், கீழே ஏகப்பட்ட பேர் கோட்டுப் போட்டுக்கொண்டு வாசிக்கிறார்கள். "புதுசா இருக்குல்லாப்பா?" என்று இயர்போனை என் காதுகளில் செருகினாள். நன்றாகத்தான் இருந்தது. "நாங்க சீவலப்பேரியில இதவிட நல்லா வாசிச்சோம்" என்றேன். அவள் நம்பவில்லை. நிரூபிக்க என்னாலும் முடியாது. அன்று ஊரே கேட்டதில் கேட்காதவன் நான் ஒருவன்தான். ஆனால் கழுத்தை நீட்டிக் காத்திருந்த மாஸ்டரைப் பார்த்தவனும் நான் ஒருவன்தான். இயர்போனைக் கழற்றினேன். அதில் அத்தர் வாசனை இல்லை.