குதிரைப் பாதையில் என் கணவரைக் கண்டுபிடித்துத் தந்த கர்த்தர்

என் கணவர் உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியாமல் தவித்தவள் நான். அப்போது கர்த்தர் எனக்குச் செய்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் பெயர் ஸ்டெல்லா. மைசூர் விஜயநகரில் இருக்கிறோம். நர்ஸாக வேலை செய்கிறேன். போன வருடம் மழை ஓய்ந்ததும், நானும் கணவர் சேவியரும் குடகு மலையில் நடைப்பயணம் போகத் திட்டமிட்டோம். குதிரைச் சவாரிக்காரர்கள் நாள்கணக்கில் போகிற நீண்ட பாதை அது. நடந்தும் போகலாம். எங்கே தங்குவது, எங்கே தண்ணீர் கிடைக்கும் என்று தினமும் வரைபடத்தை விரித்து வைத்துப் பேசுவோம். ஓர் ஓடையில் மட்டும் தண்ணீர் இருக்குமா என்று சந்தேகம்.

"நான் பார்த்துட்டு சாயங்காலமே வந்துடறேன்" என்று சேவியர் தனியாக பைக்கில் கிளம்பினார்.

வரவில்லை. போனும் அணைந்திருந்தது. போலீசில் சொன்னேன். மறுநாள் காலை, அங்கே குதிரை முகாமில் வேலை செய்யும் முருகனைப் போனில் அழைத்தேன். பயணத்துக்காக முன்பே பேசி வைத்திருந்தவர்; அங்குள்ள காப்பி எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த தமிழர்.

"ஒரே பனிக்கா. பக்கத்துல நிக்கிற குதிரையே தெரியல. எங்கன்னு தேடுறது? இருந்தாலும் போய்ப் பார்க்குறேன்" என்றார்.

வரைபடத்தின் முன்னால் உட்கார்ந்தேன். வளைவுகளெல்லாம் எனக்கு மனப்பாடம். அவர் எங்கே கிடக்கிறார் என்பது மட்டும் தெரியவில்லை. எத்தனையோ பேருக்குக் கட்டுப் போட்ட கைகள் சும்மா கிடந்தன. ஜெபிக்க வார்த்தை வரவில்லை. "ஆண்டவரே, என் கை அங்கே எட்டாது. உம்முடைய கை எட்டும்." இதையே சொல்லிச் சொல்லி அழுதேன்.

மதியம் தாண்டி போன் அடித்தது. எடுக்கவே பயம்.

"அக்கா! அண்ணன் உசுரோட இருக்காரு! வழுக்கி விழுந்து கால்தான் ஒடிஞ்சிருக்கு. ஓடைக்கு மேல ஒரு வளைவுல குதிரை நின்னுடுச்சுக்கா. எவ்வளவு தட்டியும் நகரல. இறங்கினா, கீழ பள்ளத்துல முனகல் சத்தம்!"

தரையிலேயே மண்டியிட்டேன்.

அந்தக் குதிரையின் மேல்தான் அவரைச் சாலைக்குக் கொண்டுவந்தார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு இப்போது கோல் ஊன்றி நடக்கிறார். நடைப்பயணம் இன்னும் போகவில்லை. போவோமா என்றும் தெரியாது. முன்பெல்லாம் எதையும் ஒழுங்காகத் திட்டமிட்டால் போதும் என்றிருந்தவள் நான். இப்போது கடைக்குப் போவதென்றாலும் ஜெபித்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.

பிரியமானவர்களே, உங்களில் யாருக்காவது இன்று ஒன்றுமே செய்ய முடியாத நிலை இருக்கலாம். அவரை நம்புங்கள். அழக்கூடத் தெம்பில்லையென்றால் அவர் பாதத்தில் சும்மா உட்கார்ந்திருங்கள். அவர் உங்களையும் பார்க்கிறார்.