கவனத்தை அளக்கப் போன நாள்

போன வருடம், மழை விட்டு விட்டுப் பெய்த ஒரு சனிக்கிழமை காலை. கேமரன் மலையில், கியா பார்ம் சந்தையைத் தாண்டி உள்ளே போகும் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மண்டபத்தில், டியூஷனுக்கு வந்த பிள்ளைகள் முன்னால் ஒரு கட்டுக் காகிதத்தோடு நின்றேன்.

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் ஆய்வு உதவியாளர். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் தங்களுக்குள்ளும் தங்களைச் சுற்றியும் நடப்பதை எவ்வளவு கவனிக்கிறார்கள் என்று அளக்கும் கேள்வித்தாள் அது. ஒரே கேள்விகளைப் பல நாட்டுப் பிள்ளைகளிடம் கேட்டு ஒப்பிடுவதாகத் திட்டம். தமிழில் மொழிபெயர்த்தது நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கர்வம் மூன்றாவது கேள்விவரைதான் தாங்கியது. 'என் உணர்வுகளைத் தீர்ப்பளிக்காமல் கவனிக்கிறேன்' என்று வாசித்தேன். முன்வரிசைப் பையன் கையைத் தூக்கினான்.

"தீர்ப்புன்னா கோர்ட்டு கேஸா டீச்சர்? எங்க வீட்ல யாருக்கும் கேஸ் இல்ல லா."

அடுத்தது, 'நடக்கும்போது என் பாதங்களை உணர்கிறேன்.' "அட்டை கடிச்சா உணருவேன்" என்றாள் ஒருத்தி. அதற்கு எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்று பெரிய விவாதமே நடந்தது.

ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் மட்டும் எதிலும் சேரவில்லை. வெளியே பார்த்தபடி, "டீச்சர், உங்க காடி..." என்று ஆரம்பித்தாள். வெளியே நிறுத்தியிருந்த என் காரைச் சொல்கிறாள்.

"காடிய அப்புறம் பார்க்கலாம். தாளைப் பாரும்மா. கவனத்தைப் பத்தித்தானே கேட்கிறோம்" என்றேன்.

மறுபடியும் கை தூக்கினாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். சட்டென்று எழுந்து வெளியே ஓடினாள். 'பாதியில் விலகியவர்' என்று குறிப்பு எழுதப் பேனாவை எடுத்தபோது அவள் குரல் கேட்டது.

"யம்மா, எந்திரிங்க. மேட்டுல ஏறுங்க. காடி உருண்டு வருது."

என் கார் ஆளில்லாமல் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. கேள்விகளை மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்த நான், கை பிரேக்கை அரைகுறையாக இழுத்திருக்கிறேன். கீழே வளைவில் மூன்று பெண்கள் கொழுந்துக் கூடைகளை இறக்கிவைத்துவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். குரல் கேட்டதும் தாவி மேட்டில் ஏறிவிட்டார்கள். கார் இரண்டு கூடைகளை நசுக்கிவிட்டுத் தேயிலைச் செடிகளுக்குள் புகுந்து நின்றது. கீழே ஓடினேன். பாதங்களை உணர்ந்தேனா என்று கேட்டால், இல்லவே இல்லை.

அந்த மூவரில் ஒருவர் அவளுடைய அம்மா. நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க டீச்சர். பாதியில எந்திரிச்சு வந்துட்டா. இவளுக்கு எதுலயும் கவனம் கிடையாது, எப்பவும் வெளியதான் பராக்கு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

தோட்டத்து லோரி கயிறு கட்டிக் காரை இழுத்துப் போட்டது. மண்டபத்துக்குத் திரும்பினால், நான் இல்லாத நேரத்தில் எல்லோரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி, ஒரே மாதிரி விடைகளோடு சமர்த்தாக உட்கார்ந்திருந்தார்கள். அவளும் வந்து மிச்சத்தை நிரப்பிக் கொடுத்தாள். 'என்னைச் சுற்றி நடப்பதைக் கவனிக்கிறேன்' என்ற வரிக்கு, 'ஒருபோதும் இல்லை' என்று டிக் போட்டிருந்தாள்.

"ஏம்மா இப்படிப் போட்ட?"

"எல்லாரும் என்னைய அப்படித்தானே டீச்சர் சொல்றாங்க."

பதிலைத் திருத்த எனக்கு உரிமையில்லை; அப்படியே வாங்கிக்கொண்டேன். ஆனால் இப்போதெல்லாம் ஒரு பிள்ளை தன்னைப் பற்றி எழுதித் தருவதை வாசிக்கும்போது, இதை முதலில் இவளிடம் சொன்னது யார் என்றுதான் யோசிக்கிறேன்.