பதினான்காம் எண்ணின் கணுக்கால்

அட்ராக்டா டான்சியின் வாயைப் பற்றி இரண்டு மாவட்டங்களுக்கும் தெரியும். உள்ளூர் வானொலிக்காரர்கள் ஒருமுறை ஆட்டத்தின்போது தெரியாத்தனமாக அவளுக்குப் பக்கத்தில் ஒலிவாங்கியை வைத்துவிட்டு, இடைவேளைக்குள் வேறு இடம் தேடிக்கொண்டு ஓடினார்கள். கையாலும் காலாலும் ஆடும் மாவட்டக் கால்பந்தில் அவளுடைய ராஸ்காமன் ஆடும் நாளில் நடுவரின் பரம்பரை முழுவதையும் அவள் விசாரித்துவிடுவாள். மற்ற நாள்களில் அதே வாயால் படுக்கையில் கிடப்பவர்களைச் சிரிக்க வைத்து, அவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதே புரட்டிப் போட்டு முதுகைக் கழுவி முடித்துவிடுவாள்.

அவளுக்கு வேலை கற்றுக் கொடுத்தவள், அந்த வட்டாரத்து நர்ஸான நான். பன்றி இறைச்சித் தொழிற்சாலையை மூடிய வருஷம் அவள் கணவனும் போய்ச் சேர்ந்தான். அதன் பிறகுதான் வீட்டுப் பராமரிப்புப் பயிற்சிக்கு வந்தாள். பலமான கை, சுளிக்காத மூக்கு, தவறாத நேரம். இவை இருந்தால் மீதியைக் கற்பது பெரிய காரியமில்லை.

நான் பக்கத்து லீட்ரிம் மாவட்டத்துக்காரி. எங்கள் அணி முதல் சுற்றிலேயே வீடு திரும்பிவிடும். ஆகவே பக்கத்து மாவட்டங்களின் பித்தத்தை வெளியில் நின்று பார்க்கும் வசதி எனக்கு உண்டு.

அந்த வருஷம் கொனாக்ட் மாகாண அரையிறுதியில் ராஸ்காமனும் மேயோவும் மோதின. நான் வேலை பார்க்கும் ஊரின் பாலத்து நடுக்கல்தான் இரண்டுக்கும் எல்லை. இந்த ராஸ்காமன் பக்கக் கைப்பிடி முழுக்க மஞ்சளும் நீலமுமாகக் கொடிகள். அந்தப் பக்கம் பச்சையும் சிவப்பும். நடுக்கல்லில் மட்டும் ஒன்றும் இல்லை. மேயோ பக்கத்தில் ஒருவன் தன் ஆடுகளுக்கெல்லாம் பச்சையும் சிவப்பும் சாயம் அடித்து மேயவிட்டிருந்தான். மழையில் சாயம் கலந்து பாவம், அவை சேற்று நிறத்தில் நின்றன.

அட்ராக்டா தினமும் காலையில் அந்தப் பாலத்தைத் தாண்டித்தான் ஜார்லத் ஃப்ரெயினின் வீட்டுக்குப் போக வேண்டும். ஜார்லத் கல்யாணம் செய்துகொள்ளாத கிழவர். இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து நடமாட்டம் இல்லை. அவளுக்கு முன் நான் அனுப்பிய இரண்டு பெண்களையும் விரட்டிவிட்டவர். ராஸ்காமன்காரியான இவளை மட்டும் ஏற்றுக்கொண்டார். சண்டை போட ஆள் வேண்டும் அவருக்கு.

ஆட்ட வாரத்துக்கென்று அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. திங்கட்கிழமை அவள் தன் மஞ்சள் நீலச் சின்னத்தைக் கழற்றி வாசலில் இருக்கும் கோப்பையில் போட வேண்டும். கணப்புக்கு மேலே தொங்கும் தன் மேயோ கொடியை அவர் குளியல் துண்டால் மூடச் சொல்ல வேண்டும். ஆட்டம் முடிந்ததும் தோற்றவர் கையால் துண்டை விலக்க வேண்டும். ஜார்லத் தோற்றால் படுக்கையிலிருந்து எப்படி விலக்குவார் என்று கேட்டேன். துணி உலர்த்தும் கம்பால் இழுப்பாராம். இரண்டு வருஷம் முன்பு அப்படி இழுத்ததில் கடிகாரம் உடைந்தது.

அந்த வீட்டில்தான் அவருடைய தம்பி பேரன் டோனல் ஃப்ரெயினும் இருந்தான். மேயோவின் பதினான்காம் எண். கோலுக்கு முன்னால் நின்று, உயரத்தில் வரும் பந்தைக் கையால் பறித்து, திரும்பி உதைக்கிறவன். அவனை யார் காப்பது என்பதைத் தவிர ராஸ்காமனில் அந்த வசந்தம் முழுக்க வேறு பேச்சே இல்லை. அட்ராக்டாவின் தம்பி கேப்ரியல் ராஸ்காமன் அணித் தேர்வாளர்களில் ஒருவன்.

செவ்வாய்க்கிழமை அவள் என் காரின் கண்ணாடியைத் தட்டினாள்.

"நர்ஸ், அந்த வீட்ல ஒரு கால் பார்த்தேன்."

"ஜார்லத் குதிகால் புண்ணா? நாளைக்குக் கட்டு மாத்த வரேன்."

"அது இல்ல. வேற கால்."

எனக்குப் போதுமான அளவு புரிந்துவிட்டது. "அப்போ எங்கிட்டயும் சொல்லாதே."

"சொல்லல. ஆனா வேணும்னே எனக்குக் காட்டியிருப்பாங்களோ? நான் வர்ற நேரம் அவங்களுக்குத் தெரியாதா? கேப்ரியல் அக்கா நான்னு தெரியாதா?"

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. இந்த ஆட்டத்தில் வியாழக்கிழமை அறிவிக்கும் அணி ஒன்று, ஞாயிற்றுக்கிழமை களத்தில் இறங்கும் அணி வேறொன்று. ஆடவே போகாதவனைப் படம் எடுத்துப் போடுவார்கள். உண்மையை யாரும் சொல்லாததால், உண்மையைப் பார்த்தாலும் யாரும் நம்புவதில்லை.

மறுநாள் குதிகாலுக்குக் கட்டு மாற்றப் போனேன். டோனல் சமையலறையில் உறைந்த பட்டாணிப் பையைக் கணுக்காலில் வைத்து உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் மேசைத் துணியைக் காலின் மேல் இழுத்தான். அவன் அம்மா கதவைச் சாத்தினாள். சாத்துவதற்குள் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன்.

"பீட்ரூட் சாயமா இருக்குமோ?" என்று வெளியே வந்ததும் அட்ராக்டா கேட்டாள்.

"பீட்ரூட் தடவினா தோல்தான் சிவக்கும். கணுக்கால் முட்டைக்கோஸ் அளவுக்கு வீங்காது."

அவள் முகம் மலர்ந்தது. உடனே வாடியது. அந்தக் காலில் நேராக ஓடக்கூட முடியாது, திரும்பி உதைப்பது எங்கே? ராஸ்காமனின் மூன்றாம் எண் ஹான்லி அவர்களுடைய தலைசிறந்த தடுப்பாளன். நொண்டிக்கு அவனைக் காவல் போட்டால், மேயோவின் இன்னொரு ஆள், பதினோராம் எண் கேசி, கட்டுப்பாடில்லாமல் திரிவான். கேப்ரியலுக்கு ஒரு வார்த்தை போனால் ஹான்லி கேசியிடம் போய்விடுவான்.

அவள் அந்தக் காலைப் பார்த்தது ஜார்லத்துக்கும் தெரிந்திருந்தது. அன்று அவள் அவரைக் கழுவும்போது நான் கட்டுத்துணியைச் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.

"பார்த்துட்ட."

"எதை?"

"வெளியே போச்சுன்னா இந்த வீட்ல உன்னை வாசல்படி ஏத்த மாட்டாங்க."

"தெரியும்."

"நீ இல்லேன்னா என்னை டவுன் முதியோர் இல்லத்துல தள்ளிடுவாங்க."

"அதுவும் தெரியும். கையைத் தூக்குங்க."

அவர் தூக்கினார். அவரைப் போன்ற ஆள்களை அந்த இல்லங்களில் பார்த்திருக்கிறேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுப்பார்கள். சாப்பாட்டைத் தள்ளுவார்கள். குளிர்காலம் தாண்ட மாட்டார்கள். அலங்காரமாகச் சொல்ல ஒன்றுமில்லை, அவ்வளவுதான் நடக்கும்.

"நான் என்ன செய்யட்டும்?" என்று அட்ராக்டா பாலத்தில் வைத்துக் கேட்டாள்.

"எப்பவும் போலப் பேசு. நீ வாயை மூடினாதான் சந்தேகம் வரும்."

பேசினாள். கடைக்காரன் ஷார்கி இறைச்சி வெட்டிக்கொண்டே, "என்னம்மா, ஃப்ரெயின் பையன் தயாரா? ஏதாவது மூச்சு விடேன்" என்றான்.

"அவன் தயாரா இருந்தா எனக்கென்ன? எங்க ஹான்லி அவனைத் துணி மாதிரி மடிச்சு அலமாரில வச்சிருவான்."

"ஹான்லியா? போன தடவை அவனே கோல் வலைல சிக்கிக் கிடந்தானே!"

"நீ இறைச்சியை ஒழுங்கா வெட்டு. விரலையும் சேர்த்து எடை போடாதே."

கடை சிரித்தது. அவள் வெளியே வந்து என் கார் மேல் சாய்ந்து நின்றாள். "நர்ஸ், ஹான்லின்னு சொல்லச் சொல்ல என் ஜனத்தையே நான் குழில தள்றேன்" என்றாள். தேவாலயத்தில் பூசைக்குப் போனால் அங்கே கேட்டார்கள். பெட்ரோல் போடுகிறவன் கேட்டான். புதன், வியாழன் இரண்டு நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. துண்டு ரொட்டியும் தேநீருமாக ஓட்டினாள். அவள் கவனம் வேறெங்கோ இருந்ததால், கிழவருக்குச் சவரம் செய்யும் கத்தியை அவளிடமிருந்து வாங்கி நானே செய்தேன்.

வெள்ளி மாலை அவள் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது கேப்ரியல் வந்தான். தொப்பியைக் கழற்றவில்லை.

"நர்ஸ், தப்பா எடுத்துக்காதீங்க. அக்கா, எனக்கு ஒரே வார்த்தை போதும். ஆமா, இல்ல. அந்தப் பையன் முழுசா இருக்கானா?"

"ரொட்டி சாப்பிடு."

"இன்னிக்கு ராத்திரி முடிவு பண்ணணும். ஹான்லி ஃப்ரெயின்கிட்டயா, கேசிகிட்டயா?"

"உன் வேலை. நீ பாரு."

"நீ குளிர்காலத்துலேர்ந்து ஃப்ரெயினுக்கு ஹான்லி, ஃப்ரெயினுக்கு ஹான்லின்னு என் காதைத் தின்னியே. இப்ப ஏன் கத்தலை?"

"தொண்டை கட்டியிருக்கு."

"உனக்கா?" கேப்ரியல் என்னைப் பார்த்தான். நான் சர்க்கரையைக் கலக்கினேன். "அப்பா இருந்திருந்தா நீ இப்படி..."

"அப்பா இருந்திருந்தா அவருக்கும் யாராவது முதுகு கழுவணும். கழுவுறவ வெளியே போய்ப் பேசினா நீ விட்டுருப்பியா?"

அவன் வெகுநேரம் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினான்.

"புரிஞ்சுது."

"என்ன புரிஞ்சுது?"

"அவன் நல்லா இருக்கான். ரொம்ப நல்லா இருக்கான். சொன்னா நாங்க பயந்துடுவோம்னு நீ வாயைக் கட்டியிருக்க. நொண்டினான்னா நீ இந்நேரம் கூரை மேல ஏறி நின்னு கத்தியிருப்ப. ஹான்லி ஃப்ரெயின்கிட்டதான்."

அவன் கதவைத் திறந்தான். அட்ராக்டா பாதி எழுந்துவிட்டாள். வாய் திறந்தது. திருத்துவதற்கு ஒரு வார்த்தை போதும். அதுகூட வேண்டாம், தலையை இப்படியும் அப்படியும் அசைத்தால் போதும். அவள் மேசையிலிருந்த ரொட்டித் துண்டை வெண்ணெயோடு முழுதாக வாய்க்குள் திணித்துக்கொண்டாள். கார் கிளம்பிப் போகும் வரை மென்றுகொண்டே இருந்தாள்.

ஞாயிறன்று ஃப்ரெயின் குடும்பம் மொத்தமும் ஆட்டம் நடக்கும் காசல்பாருக்குக் கிளம்பிவிட்டது. கிழவரைப் பார்த்துக்கொள்ள அட்ராக்டாவைத் தவிர ஆளில்லை. கட்டு மாற்ற நானும் போயிருந்தேன். தொலைக்காட்சி ஓடியது. கொடி துண்டுக்கு அடியில் இருந்தது.

வாத்தியக்குழுவுக்குப் பின்னால் இரு அணிகளும் வரிசையாக மைதானத்தைச் சுற்றின. பதினான்காம் எண் வரிசையில் இருந்தான். கணுக்கால் கட்டு காலுறைக்குள் புடைத்தது தெரிந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஜார்லத் திரையைப் பார்க்கவில்லை. அட்ராக்டாவைப் பார்த்தார்.

"கேப்ரியல்கிட்ட சொன்னியா?"

"ஆட்டத்தைப் பாருங்க."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு, பொண்ணே."

"ஹான்லி எங்கே போறான்னு பாருங்க. அதான் பதில்."

வரிசை கலைந்தது. ஆட்டக்காரர்கள் தங்கள் இடங்களுக்கு ஓடினார்கள். ராஸ்காமனின் மூன்றாம் எண் நடுக்களத்தில் நின்று காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டான். கேசி அவனுக்குப் பக்கத்தில்தான் இருந்தான். அட்ராக்டா என் கையைப் பிடித்தாள். மறுநாள் பார்த்தால் நீலம் பாரித்திருந்தது. ஹான்லி கேசியைத் தாண்டி, கோல் பக்கமாக ஓடி, டோனல் ஃப்ரெயினின் தோளில் தன் தோளை இடித்து நின்றான்.

"கழுதை" என்றாள் அட்ராக்டா, மெல்ல.

ஜார்லத் திரைக்குத் திரும்பினார். போர்வையின் ஓரத்தைச் சரிசெய்துகொண்டார்.

டோனல் இடைவேளை வரைகூட நிற்கவில்லை. அவனை வெளியே அழைத்துக்கொண்டபோது நொண்டினான், அரங்கம் முழுவதும் பார்த்தது. அதற்குள் கேசி, ஒன்றுக்கு மூன்று புள்ளி தரும் கோல்கள் இரண்டு அடித்திருந்தான். ராஸ்காமன் விரட்டிப் பிடித்து வந்து ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. கேப்ரியல் தலையில் கைவைத்து நிற்பதைக் காட்டினார்கள். அட்ராக்டா தொலைக்காட்சியை அணைத்தாள்.

"துண்டு அங்கேயே இருக்கட்டும்," என்றார் ஜார்லத். "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்."

"ஏன், இரக்கமா? உங்க இரக்கத்தை ஆட்டுக்குப் பூசுங்க. தோத்தா தோத்ததுதான்." நாற்காலியில் ஏறித் துண்டை இழுத்து எடுத்தாள். கடிகாரம் ஆடியது, விழவில்லை.

வாசல் கோப்பையிலிருந்து சின்னத்தை எடுத்துக் குத்திக்கொண்டு திரும்பி வந்தாள். கேப்ரியல் அவளோடு அந்தக் கோடை முழுக்கப் பேசவில்லை. ஜார்லத் இன்னும் மூன்று குளிர்காலம் தன் படுக்கையிலேயே இருந்தார்.

"நர்ஸ், கட்டுத்துணியை எடுங்க," என்றாள் அன்று அட்ராக்டா. "கிழவரே, காலைக் காட்டுங்க. அந்தப் பையன் காலைவிட உங்களுது அசிங்கமா இருக்கு."